தக்கை எழும்பும்போது

பவாய் ஏரியில் ஞாயிறு, ஐந்தே முக்கால்.
எதிர்க்கரைக் கோபுரங்கள்
இன்னும் நீருக்குள் இறங்கவில்லை.
அவற்றில் ஏழின் லிஃப்டுகள் என் பொறுப்பு.
இன்றைக்கு டியூட்டி சந்தீபானுக்கு.

முதலில் ஆழம் பார்க்க வேண்டும்.
வெறும் முள்ளில் ஈயக்கட்டி மாட்டி எறிந்தேன்.
தக்கை முழுகியது.
ஒரு சாண் மேலே தள்ளி எறிந்தேன்.
மறுபடி முழுகியது. இன்னும் நாலு விரல்.
மூன்றாம் முறை சிவப்பு நுனி
எறும்புத் தலை அளவு வெளியே நின்றது.
ஏழடி. போன மாதம் எட்டரை.
ஏரி வற்றுகிறதா, சேறு வளர்கிறதா,
கரையில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

கடலைப் பிண்ணாக்கு, மைதா, கனிந்த வாழைப்பழம்.
சோம்பு அரைத்துப் போடு, வாசத்துக்கு வரும்
என்றாள் ஜெபக்கனி. போட்டிருக்கிறேன்.
அவள் மீன் பிடித்ததில்லை.
ஆனால் வாசம் பற்றி
அவள் சொன்னது எதுவும் பொய்த்ததில்லை.

ஜிலேபிக் குஞ்சுகள் வந்துவிட்டன.
தக்கை தந்தியடிக்கிறது.
அதற்கெல்லாம் கோலைத் தொடக்கூடாது.
ஆகாயத்தாமரை ஒரு பாயைப் போல
மெல்ல நகர்ந்து வந்து என் நூலைக் கேட்கிறது.
முதலை உண்டு என்கிற பலகையின் கீழே
ஒருவர் வேட்டி கட்டாமல் யோகா செய்கிறார்,
அரைக்கால் சட்டையில்.

இரண்டு வருடம்
தக்கை முழுகட்டும் என்றே காத்திருந்தேன்.
கெண்டை என்றால் இழுக்கும், முழுகும், அவ்வளவுதான் கணக்கு.
நடுவில் எத்தனையோ முறை
தக்கை நிமிர்ந்து, உயர்ந்து,
குடிகாரன் போல நீர்மேல் சாய்ந்து படுத்தது.
நூல் தளர்ந்துவிட்டது என்று சுருட்டிப் பார்ப்பேன்.
முள்ளில் இரை இருக்காது.

ஒருநாள் ராத்திரி லிஃப்டுக் குழியில்
எதிர்எடைக்கு எண்ணெய் போடும்போதுதான் உறைத்தது:
அடியில் கிடக்கும் ஈயக்குண்டை
இரையோடு சேர்த்து அது வாயில் தூக்குகிறது.
பாரம் போனால் தக்கை ஏறத்தானே செய்யும்.
லிஃப்டில் எடை ஏறினால் பெட்டி இறங்கும்.
இங்கே இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன.
இத்தனை நாள்
எழும்பியதையெல்லாம் ஒன்றுமில்லை என்று
சுருட்டி வைத்திருக்கிறேன்.

ஏழு பத்து. குமிழிகள்.
சோடா பாட்டில் திறந்த மாதிரி
பொடிப்பொடியாக, ஒரு கோட்டில்,
கீழே யாரோ சேற்றைப் புரட்டுகிறார்கள்.
ஜிலேபிகள் காணாமல் போய்விட்டன.
சிவப்பு நுனி அசையவில்லை.
பிறகு ஒரு நகம் அளவு வளர்ந்தது.
பிறகு ஒரு விரல்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

சந்தீபான். ஒரே கையால் எடுத்தேன்.
"சி விங், பதினாலாம் மாடி, உள்ளே ஆள்.
நான் குர்லாவில் ரயிலில் மாட்டிக்கொண்டேன்."
தக்கை படுத்துவிட்டது.
"வருகிறேன்" என்றது என் வாய்.
கை கோலைத் தூக்கியிருந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.
நூல் முனகியது. வளையம் வளையமாக ஓடியது.
நான் மணி பார்க்கவில்லை.
வலையில் கிடந்தபோது அது நாலு கிலோ இருக்கும்,
பழைய பித்தளைப் பாத்திர நிறம்.
கீழுதட்டில் ஆறிய வடு ஒன்று.
என்னை விட முன்னால் யாரோ
எழும்பும் தக்கையைப் படித்திருக்கிறார்கள்.
முள்ளை எடுத்து
இரண்டு கையிலும் ஏந்தி நீரில் பிடித்திருந்தேன்,
அது தானாகப் போகும் வரை.
அதுவும் நேரம் எடுத்தது.

சி விங்கில் கதவை நெம்பித் திறந்தபோது
உள்ளே தரையில் ஒரு பெண்,
பக்கத்தில் பால் பாக்கெட்டுகள்.
"பதினைந்து நிமிடம் என்றார்கள்,
நாற்பது ஆகிறது" என்றார், கோபமில்லாமல்.
டிராஃபிக் என்று சொன்னேன்.
ஞாயிற்றுக்கிழமை காலையில்.

அவரைக் கைகொடுத்துத் தூக்கினேன்.
அவர் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"சோம்பா?" என்றார்.