ஜாம் போத்தல்

பெரட்டுக்குப் போகுமுன் அணைக்கட்டின் அடிக்கு இறங்குவேன்.
மானாப் புல்லுக்குள் கசிகிற இடம் எனக்குத் தெரியும்.
குந்தியிருந்து, ஜாம் போத்தலைப் பிடித்து எண்ணுவேன்.
நூற்றுப் பன்னிரண்டில் நிறைந்தால்
நேற்றைப் போலத்தான்.
பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன்.
போத்தலுக்குள் எங்கள் லயம்
தலைகீழாய், ஆனால் தெளிவாய் நின்றால்
கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவேன்.

மண் அணை கசியத்தான் செய்யும்.
அதுக்கும் உடம்புதானே, வேர்க்கும்.
வேர்வையில் சாயம் இறங்கினால்தான்
பிள்ளைகளை எழுப்ப வேண்டும்.

கட்டச் சொன்னவன் வெள்ளைக்காரத் துரை.
ஸ்டோர் மெஷின் ஓட,
எங்கள் ஆட்கள் கூடையில் சுமந்த மண்.
ஸ்டோர் மூடி, தகரம் விற்று,
சக்கரத்தையும் இரும்புக்காரன் கொண்டுபோன பிறகு
பதினாறு ஏக்கரும் குளமும்
வெள்ளவத்தை ஜெயரட்ணராஜா முதலாளிக்கு வந்தன.
பங்களா கூட்டப் போன அன்று உறுதியைப் பார்த்தேன்.
வடக்கே ரோட்டு, கிழக்கே ஓடை,
மேற்கே சவுக்குத் தோப்பு,
தெற்கே எல்லை அணைக்கட்டு.
அணைக்கட்டுக்குத் தெற்கே
பதினான்கு காம்பரா இருப்பதை எழுத
உறுதியில் இடமில்லை.

குளத்துக்கும் ஒரு வான் உண்டு.
மழை மிஞ்சினால் அது வழியாய்ப் பாயும்,
அணையின் தலைக்கு ஏறாது.
முதலாளி அந்த வானை
இரண்டு பலகையும் வலையும் வைத்து அடைத்தார்.
விருந்தாளிகள் பிடிக்க விட்ட மீன் ஓடிவிடுமாம்,
படகு படிக்கட்டுக்கு எட்டாதாம்.
போன் போட்டுச் சொன்னேன்.
"நூறு வருசம் நின்ற கட்டு, பன்னீரு" என்றார்.
நூறு வருசமும் வான் திறந்திருந்தது என்று
நான் சொல்லி முடிக்குமுன் லைன் அறுந்தது.

தோட்டத்து ஆபீஸ், எங்களுடையது இல்லை என்றது.
பிரதேச சபை, தனியார் காணி என்றது.
கமநலத்தில் ஒரு மிஸ், பாவம்,
பெரிய புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினாள்;
வயலுக்குப் பாயாத குளம்
அதில் குளமே இல்லையாம்.

ஐப்பசி இருபது. மத்தியானம் தொடங்கிய மழை
விளக்கு வைத்தும் விடவில்லை.
டோர்ச்சோடு இறங்கினேன்.
நாற்பத்தெட்டில் போத்தல் நிறைந்தது.
தூக்கிப் பிடித்தேன்:
பிளேன்டி.
அந்தப் பக்கம் இருந்த என் விரலே தெரியவில்லை.

தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினேன்.
மருதவீரன் கேஸ் சிலிண்டரைத் தூக்கினான்,
பெண்டாட்டி திட்டிய பிறகு பிள்ளையைத் தூக்கினான்.
எல்லாரும் கோயில் மேட்டுக்கு.
நான் கவ்வாத்துக் கத்தியோடு மேலே போனேன்.
வலையை அறுத்தேன். பலகையை உதைத்தேன்.
ஒன்று வந்தது. மற்றது
என் கால் நகத்தோடு வந்தது.
வான் பாய்ந்தது.
விடியும்வரை அந்தச் சத்தத்துக்குள் நின்றேன்.

அணை உடையவில்லை.
அதுதான் பிழையாகப் போனது.

பலகை இரண்டு, வலை ஒன்று, மீன் முந்நூறு என்று
முறைப்பாடு.
அப்புத்தளைப் பொலிஸில் நின்ற நாளுக்கு
மலையில் எனக்குப் பேர் இல்லை;
அவர்கள் புத்தகத்தில்தான் பேர் விழுந்தது.
"கட்டு உடைஞ்சதா?"
"இல்லை, சேர்."
"அப்ப நீ எதுக்கு உடைச்ச?"
போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
மூன்று நாளில் மண் அடியில் படிந்து
மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர்.
"நல்ல தண்ணிதானே."
ஆட்டிப் பாருங்கள் என்றேன்.
அவர் ஆட்டவில்லை. பேனையை மூடினார்.

போத்தல் இப்போது சாட்சிப் பொருள், நம்பர் ஒட்டி
அவர்கள் அலுமாரியில் இருக்கிறது.
என்னிடம் இருப்பது ஊறுகாய்ப் போத்தல்.
அளவு கொஞ்சம் பெரிது,
பழைய எண்ணிக்கை இதற்குப் பொருந்தாது,
புதிதாய்த் தொடங்கியிருக்கிறேன்.
நேற்று நூற்று நாற்பது.
இன்று நூற்று முப்பத்தொன்று. தெளிவு.
வானில் புதுப் பலகை,
இந்த முறை ஆணி அடித்து.