டியூப் லைட் அபராதம்

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
சலவைக்கடைக்கும் சிம் கார்டு விற்பவனுக்கும் நடுவே
பதினாலு படி இறங்கினால் ஜிம்.
ஆறாவது படியிலேயே குனிந்துவிடுவேன்.
இடிப்பது ஒன்பதாவதில்தான்,
ஆனாலும் ஆறாவதில்.

மாதம் எழுபது திர்ஹம்.
ஏசி ஒழுகும் சுவர், ரப்பர் வாடை.
ஐந்தரை அடி ஆள் ஒருவனை உட்காரவைத்து
அளந்து செய்த இருக்கைகள்.
ஊசியைக் கடைசித் துளையில் செருகினாலும்
என் முழங்கால் நெஞ்சைப் பார்த்தே பேசும்.

சைட்டில் எனக்குப் பெயர் லம்பு.
ஃபோர்மேன் தவீல் என்பான்.
ஊரில் கொக்கு.
பாஸ்போர்ட்டில் மட்டும் செல்வின் ஞானதுரை.
எட்டுப் பேர் அறையில்
கட்டிலைத் தாண்டி நீளும் என் பாதங்களில்
யாரோ தினமும் துண்டு காயப்போடுகிறார்கள்.

ரோடெல், பிலிப்பினோ, பேக்கரியில் வேலை,
என் நெஞ்சுயரம்.
பெஞ்சில் மல்லாந்தால் அவனுக்குக்
கம்பி ஒரு சாண் இறங்கி ஒரு சாண் ஏறும்.
எனக்கோ
கோடைக் கிணற்றில் வாளி விட்ட மாதிரி
இறங்குகிறது, இறங்குகிறது,
இன்னும்.
அவன் பத்து முடித்துத் தண்ணீர் குடிக்கையில்
நான் ஆறாவதின் பாதி வழியில்.
"அதே அறுபது கிலோதானே?" என்பான்.
அதே அறுபதுதான்.
தூரத்தை யாரும் தராசில் வைப்பதில்லை.

மூன்று வருஷம்.
நாளுக்கு எட்டு முட்டை, லபன்,
காய்ந்த குபூஸில் சுருட்டிய டின் மீன்
(அதை வராந்தாவில் வைத்துத் தின்னும்படி அறையில் தீர்மானம்).
பதினோரு கிலோ ஏறினேன்.
எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.
குட்டை எலும்பில் ஒரு பிடி சதை வைத்தால் மேடு.
என் எலும்பில் வைத்தால்
நீள ரொட்டியில் தடவிய வெண்ணெய்.
"மெலிஞ்சு போயிட்டீங்க" என்கிறாள் ஜெபா, வீடியோவில்.
தோளைக் காட்டினேன்.
"நெட்வொர்க் சரியில்ல" என்றாள்.

டெட்லிஃப்ட் ஒன்று மட்டும் என் கட்சி.
ஆஜானுபாகு என்று கதைகளில் அரசர்களைச் சொல்வார்கள்;
எனக்கு அது
சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டாத சங்கடம்.
ஆனால் நூற்று நாற்பது தரையைவிட்டுக் கிளம்பியபோது
அந்தக் கைகள் வெறும் கயிறுகளாகத் தொங்கின,
முதுகு வேலை பார்த்தது,
ரோடெல் சிலுவை போட்டுக்கொண்டான்.

நின்றபடி தலைக்குமேல் தூக்குவது
எனக்கு அங்கே கிடையாது.
கூரை ஏழரை அடி.
உட்கார்ந்தே தூக்கிவந்தவன்
ஆகஸ்ட் மாத வெள்ளி ஒன்றில்
ஜெபா கேட்ட பணத்தை மனதில் கூட்டிக்கொண்டே
நின்று ஏற்றிவிட்டேன்.
சத்தம். பிறகு இருட்டு.
பிறகு தலைமுடிக்குள் கண்ணாடி.
ஷிஹாப் ரசீதுப் புத்தகம் எடுத்தான்.
டியூப் லைட் ஒன்று, பதினைந்து திர்ஹம்.
காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து எழுதினான்: உயரம்.

அன்றிரவே ரோடெலும் நானும்
ஆளுக்கொரு முனை பிடித்துக் கம்பியை
(அது அவன் பக்கம் சரிந்துகொண்டே வர)
பதினாலு படியும் ஏற்றி
கார்கள் நிற்கும் மணலில் கிடத்தினோம்.
பதினோரு மணி. முப்பத்தெட்டு டிகிரி.
விட்ட மூச்சே திரும்பி வந்தது.
நாற்பத்தைந்து கிலோ.
கழுத்தெலும்பு, தாடை, மூக்கு, நெற்றி.
இங்கேதான் கூரை வருமென்று
முழங்கை தானாக நின்றது.
வரவில்லை.
இன்னும் ஒரு முழம் இருந்தது எனக்கு.
மூன்று வருஷமாய்த் தொடாமல் வைத்திருந்த முழம்,
துருப்பிடித்த கதவுபோல நடுங்கித் திறந்தது.
விமானம் ஒன்று சக்கரம் இறக்கியபடி போனது.
சலவைக்கடை வங்காளி
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தான்.

ரோடெல் படம் எடுத்தான்.
கம்பி இருக்கிறது, கை இருக்கிறது,
முழங்காலுக்குக் கீழே இல்லை.
ஜெபாவுக்கு அனுப்பினேன்.
"யாரு இது?" என்று வந்தது.
அதன்பின் வெகுநேரம்
எழுதுவதும் அழிப்பதுமாய் மூன்று புள்ளிகள்.
தூங்கிப்போனேன்.

காலையில் பாதத்தில் துண்டு, ஈரமாய்.
இன்று
இரண்டு.