நூற்றுப் பதினேழு

அடுத்த மாதம் பிள்ளைகளோடு போகிறாராம்.
எவ்வளவு திட்டம் வேண்டும் என்று கேட்கிறார்
மானேஜர் வீரப்பன்.
சொல்கிறேன் சார்.

நான் மூன்று வாரம் போட்டேன்.
நகைக்கடன் கவுண்டரில் கூட்டம் வடிந்த மதியங்களில்
பதினான்கு வரிசை, ஆறு பத்தி:
நேரம், இடம், ஆள், செலவு, பொறுப்பு,
கடைசியில் ‘இல்லையென்றால்’ என்று ஒன்று.

மழை வந்தால் என்ன.
பக்கத்து வீட்டு மெய்யப்பனுக்கு
வேனில் குமட்டினால் என்ன.
எலுமிச்சை ஆறு, பாலிதீன் பை பத்து.
உள்ளே சாப்பாடு விடமாட்டார்களாம்,
அதனால் மேலூர் தாண்டி ஆறரைக்குப் புளியோதரை,
வயிற்றில் வைத்துக் கடத்துவதாக ஏற்பாடு.
ஜெசிந்தா டீச்சர் தாமதிப்பார்:
அதற்கு இருபது நிமிடம்.

நாலரைக்குச் செக்காலை ரோட்டில்
வேன் வருவதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார் டீச்சர்,
தலையில் துண்டு, கையில் டார்ச்.
மிச்சமான இருபது நிமிடத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டு போனேன்
திருப்பத்தூர் வரை.
குன்றக்குடி மலை விளக்கைப் பார்த்து
ஓட்டுநர் அடைக்கலம் ஹாரனை ஒருமுறை தொட்டார்.
அது பட்டியலில் இல்லை.

மதுரை தாண்டி, பூங்கா வாசலில்
எங்கள் வேன்தான் முதல்.
காவலாளி அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
கேட் திறக்கப் பத்து மணி.
தெரியும் சார், தெரிந்துதான் போனேன்.

கறுப்புக் குழாய்ச் சறுக்கு. நாலு மாடி உயரம்.
அதைச் சொல்லித்தான் மூன்று வாரமாக
உமையாளுக்கு இட்லி இறங்கியது.
அதைச் சுற்றித்தான் மற்ற பதின்மூன்று வரிசையும்.
படிக்கட்டின் கீழே ஒரு பலகை,
பலகையில் ஒட்டகச்சிவிங்கி,
அது கை நீட்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு.
‘குதிகாலை இறக்கு பாப்பா’ என்றான் பையன்.
உச்சிமுடியை உள்ளங்கையால் அமுக்கினான்.
நூற்றிருபது வேண்டும்.
நூற்றுப் பதினேழு.

மில்லிகிராம் பிசகாமல்
ஊரார் தங்கத்தை நிறுத்துக் கொடுக்கிறவள்.
வீட்டில் ஓடித் திரிந்ததை
அளந்து பார்க்கவில்லை.

அவள் அழவில்லை.
‘இல்லையென்றால்ல என்னம்மா போட்டிருக்கே?’
பிரித்துப் பார்த்தேன்.
‘கூட்டம் அதிகமென்றால், சாப்பாட்டுக்குப் பிறகு.’

குழாய் வாய் பிளந்து
ஆட்களைத் துப்புகிற இடத்துக்கு
அவளாகவே நடந்தாள்.
உள்ளேயிருந்து வருகிற அலறலைக் கேட்டு
ஆள் பெயர் சொன்னாள்:
‘மெய்யப்பன்.’ மெய்யப்பன் வந்து விழுந்தான்.
‘டீச்சர்.’ டீச்சர், ஏசுவே ஏசுவே என்று.
பிறகு மார்க் போட ஆரம்பித்தாள்.
அலறலுக்கு ஐந்து, விழுவதற்கு ஐந்து.
முகம் தெரியாதவர்களும்
தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.
தேனிக்காரர் ஒருவர், வழுக்கை, பெரிய தொந்தி,
நாலு வாங்கிக்கொண்டு
மறுபடி படியேறினார்.
ஒரு மணிச் சாப்பாட்டுக் கூப்பன்
கால்சட்டைப் பையிலேயே கூழானது.
அலைக்குளம் பார்க்கவில்லை.
பத்து வரிசை பார்க்கவே இல்லை.
தேனிக்காரர் கடைசியில் எட்டு வாங்கினார்.
மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

திரும்பும்போது திருப்பத்தூரில் வடை.
தட்டு தீர்ந்துவிட்டதால்
என் காகிதம் போதுமா என்றார் அடைக்கலம்.
எண்ணெய் முதலில் ‘செலவு’க்குள் பரவி
அப்புறம் ‘பொறுப்பு’க்குப் போயிற்று.

மாற்றுத்துணி ரெண்டு செட் சார், ஒரு இஞ்சி டேப்.
எலுமிச்சையும் எழுதிக்கொள்ளுங்கள்.
மெய்யப்பன் குறட்டை விட்டுத் தூங்கினான்.
குன்றக்குடித் திருப்பத்தில்
வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடியது நான்தான்.
இருட்டில் குனிந்து நிற்கிறேன்,
வேனுக்குள்ளிருந்து, கண்ணைக்கூடத் திறக்காமல்,
ஒரு தூக்கக் குரல்:

‘ஏழு.’