நான்காவது பத்தி

குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டால்
அந்தக் காம்பில் கச்சிதமாகப் பொருந்துகிறது
ஒரு முழம் சிலிக்கான் குழாய்.
அதற்கப்பால் ஆறடிச் செம்புக்குழல்.
வண்ணார்பேட்டை ஏசி மெக்கானிக்கிடம்
காயலான் விலைக்கு வாங்கி
ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சுற்றி நானே வளைத்தது.
வாளியில் ஐஸ்:
மேலப்பாளையம் ஷேக் மைதீன்
சீலா மீனுக்குப் போர்த்தியது போக மிச்சம்.

உள்ளே நொச்சி, ஒன்றரைக் கிலோ.
காம்பவுண்டுச் சுவரோரம்
யாரும் கேட்காமலே தழைத்தது.

பதினெட்டு வருடம் கருவூலத்தில் இருப்பவளுக்கு
கோடு போட்டு எழுதாத எதுவும் நடந்ததாகாது.
தேதி. இலையின் எடை. எண்ணெய், மில்லியில்.
நான்காவது பத்தி: மணம்.

முதல் மூன்றும் என் கையெழுத்து.
நான்காவதில் எனக்கு வேலையில்லை.
இரண்டாம் அலையில் வந்த காய்ச்சல்
பதினோராம் நாள் இறங்கிப் போகையில்
மூக்கை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.
பால் பொங்கி, வற்றி, சட்டி கருகி
அடுத்த வீட்டிலிருந்து ஓடிவந்து அணைத்தார்கள்.
நான் அதே அறையில்தான்
பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

காலையும் மாலையும் நாலு வாசனை மோந்து பாருங்க,
மூக்கு பழகினா வரும் என்றார் ஹைகிரவுண்டு டாக்டர்.
கடைப் புட்டிகளை வாங்கி வந்தேன்.
உள்ளே இருப்பது தைலமா பச்சைத்தண்ணீரா,
நான் எப்படித் தணிக்கை செய்ய?
நானே காய்ச்சினால்
மிதப்பதைக் கண்ணாலாவது பார்க்கலாம்.

அப்படித்தான் நான்காவது பத்தி
ஊர்க்காரர்களால் நிரம்பியது.
எலுமிச்சைப்புல்:
"பஸ் ஸ்டாண்டு லெமன் டீ, சீனி போட மறந்தது"
(பால்காரர் சுடலைமணி).
திருநீற்றுப்பச்சிலை:
"புது ரப்பர், பச்சைக் கலர்"
(ஷீபா, ஏழாம் வகுப்பு).
மருக்கொழுந்து:
"கல்யாண மண்டபத்தைக் காலி பண்ணுன மறுநா"
(தபால்காரர், பெயர் கேட்கவில்லை).
வெட்டிவேர்:
காலி. அன்றைக்கு வந்த ஒரே ஆளுக்குச் சளி.

சனிக்கிழமை பகல், சொட்டு விழத் தொடங்கியிருந்தபோது
கதவைத் தட்டினார் ஏட்டு சொரிமுத்து.
"எமீமாள் மேடம் வீடுதான?
தப்பா நினைச்சுக்கிடாதிய. குழாயும் அடுப்புமா வச்சு
ஏதோ காய்ச்சுதியன்னு போன் பண்ணுதாவ."
மாடி ஜன்னல் ஒன்று மெல்லச் சாத்திக்கொண்டது.

ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார்.
குக்கரை ஒரு சுற்று வந்தார்.
குழலைத் தொட்டு, சுட்டு, விரலை உதறினார்.
பாட்டிலின் கழுத்தில், தண்ணீருக்கு மேலே
நகக்கண் அகலத்துக்கு ஒரு மஞ்சள்.
"காலையில இருந்து இம்புட்டுதானா?"
"முடிக்கையில் ஒன்றே கால் மில்லி வரும்."
"இதுல எப்பம்மா கேஸ் காசை எடுப்பிய?"

நோட்டைத் திறந்தேன். பேனா மூடியைக் கழற்றினேன்.
மோந்து பார்த்துச் சொல்லுங்க.
வாக்குமூலம் எழுதியே பழகியவர்
சொல்ல வராமல் தொப்பியைக் கையில் எடுத்தார்.
கண்ணை மூடினார்.

"நைட் டூட்டி முடிஞ்சு
லத்திய மூலையில சாத்திட்டு
மொகங் கழுவுவம்லா,
மொதக் கை தண்ணி."

அப்படியே எழுதினேன்.
"கையெழுத்து போடணுமா?"
போட்டார், நம்பரோடு.

அவர் போனதும், எண்ணெய் பிரிந்த தண்ணீரை
ஒரு புட்டியில் ஊற்றி
மாடியில் கோமதிநாயகம் வீட்டு வாசலில் வைத்தேன்,
ஒரு துண்டுச் சீட்டோடு:
எப்படி மணக்கிறது, எழுதி அனுப்பவும்.

ராத்திரி ஒரு துளியைத் தொட்டு
மூக்கருகே பிடித்தேன். ஒன்றுமில்லை.
இன்னும் கிட்டே.
கண் எரிந்தது.
மணமில்லை, எரிச்சல். ஓரமாய்க் குளிர்ச்சி மாதிரியும்.
இது எந்தப் பத்தியில் வரும் என்று தெரியவில்லை.
கோட்டுக்கு வெளியே, மார்ஜினில் எழுதினேன்,
பென்சிலால்.