இடது கை பின்னுக்கு

டொக்யார்ட் வீதியில் என் கடைக்கு
வழக்கமாய் வருவது மீன் காட்டும் மெசின்கள்,
உப்புத் தின்ற வயர்கள்,
கடலில் விழுந்தெழும்பிய போன்கள்.
இது ஓட்டோவில் வந்தது
சாரத்தால் சுற்றி, மடியில் வைத்து.
டன்ஸ்டன் ஒக்கர்ஸ், பாலையூற்று.
சனிக்கிழமை கலியாண வீடு,
கிற்றார் இவர்.
"பத்து நிமிசம் வடிவாப் பாடும் மிஸ்,
பிறகு தொண்டை கட்டிப்போகும்.
ஒரு வால்வு சிவக்குது."

இழை சிவக்குதா, தகடு சிவக்குதா?
தெரியாதாம்.
இழை சிவந்தால் உயிர்.
தகடு சிவந்தால் காய்ச்சல்.

சுற்றுப்படம் ஒன்றும் கொண்டுவந்தார், நாலாய் மடித்து.
வாசலில் வைத்ததை
நான் காண முன்னம் மான் கண்டுவிட்டது.
இந்த ஊர் மான்களுக்கு வேலியும் இல்லை, வெட்கமும் இல்லை.
பவர் சப்ளை முழுவதையும் தின்று
முதல் வால்வின் பாதியில் நிமிர்ந்து
மிச்சமும் இருக்கா என்பதுபோல் பார்த்தது.

சரி, காதால் பார்ப்போம்.

அறுபது வாற் குமிழ் ஒன்றைத் தொடராய்ப் போட்டேன்.
உள்ளே எங்காவது ஷோர்ட் என்றால்
அது பளீரென்று காட்டிக்கொடுக்கும்.
எரிந்தது, தணிந்தது, மங்கி நின்றது.
ட்ரான்ஸ்போமர் தப்பிவிட்டது என்றேன்.
ஒக்கர்ஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

வொலியூமைப் பூச்சியமாக்கினேன், இரைச்சல் குறையவில்லை.
நோய் அதற்கும் பின்னால்.
முன் வால்வைப் பிடுங்கினேன், அசையவில்லை.
அதற்கும் பின்னால்.
பென்சிலால் ஒவ்வொரு கண்ணாடியாய்த் தட்டிக்கொண்டு போக
அந்த நேரம் பார்த்துக் கறன்ற் போனது.

இருட்டுக்குள் நாலு இழைகள் மட்டும்
எழும்ப மனமில்லாதவை போல் கொஞ்சம் இருந்துவிட்டுப்
போயின.
"இப்பத் தொடலாம்தானே?" என்று கை நீட்டினார்.
தட்டிவிட்டேன்.
கறன்ற் போனது கெப்பாசிற்றருக்குத் தெரியாது.
எவ்வளவு மிச்சம் பிடித்து வைத்திருக்கும் என்று சொல்ல ஏலாது.
இடது கை பின்னுக்கு, களுசான் பொக்கற்றுக்குள்.
நெஞ்சுக்குக் குறுக்கே அதற்குப் பாதை திறக்கக் கூடாது.
ரெசிஸ்ரரின் ஒரு கால் சட்டத்தில், மறு கால் அதில்.
மீற்றர் இறங்கியது:
எண்பது, நாற்பத்தொன்று, பன்னிரண்டு,
ஒன்று.

ஒரு மணித்தியாலத்தில் கறன்ற் வந்தது, கூடவே கிண்ணியா முபீஸும்.
"என்ட மெசின் முடிஞ்சதா?"
இல்லை. குந்துங்கோ.

சிவந்த வால்வின் இரண்டாம் காலில் பூச்சியம் இருக்கவேண்டும்.
பத்தொன்பது இருந்தது,
பார்த்துக்கொண்டிருக்க இருபத்திரண்டு.
அகப்பட்டது. வால்வு அல்ல,
அதன் வாசலில் நிற்கும் சின்னக் கெப்பாசிற்றர்.
பாட்டை விடு, வோல்ற்றை மறி:
அதற்கு இட்ட கட்டளை அவ்வளவுதான்.
(நேர்மாறாய்ச் செய்த காவலரண்கள்
எத்தனை கடந்திருக்கிறோம்.)

கழற்றியபோது அடியில் மஞ்சளாய்ப் போன ரேப்.
பென்சில் எழுத்து, சிங்களம்:
'இப்போதைக்கு.'
கீழே எழுபத்தொன்பது, ஒக்ரோபர்.
சரியான பெறுமதி கிடைக்கும்வரை என்று
யாரோ சூட்டுக்கோலோடு குனிந்திருக்கிறான்.
ஈயம் இன்னும் மினுங்குகிறது. நல்ல கை.

என்னிடமும் சரியான பெறுமதி இல்லை.
செத்த ரீவி ஒன்றின் வயிற்றிலிருந்து இரண்டை எடுத்து
ஒன்றன்பின் ஒன்றாய்ப் பற்றவைத்தேன்.
கொள்ளளவு பாதியாகும், தாங்குவது இரட்டிக்கும் என்று விளக்க,
"கலியாணம் மாதிரி" என்றார் ஒக்கர்ஸ்.
முபீஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை,
ஈயம் ஆற வேண்டும்.

பிறகு அந்த ரேப்பைத் திரும்ப ஒட்டி
அவன் எழுத்துக்குக் கீழே, தமிழில்,
நானும் எழுதினேன், அதே சொல்லை.

பத்து நிமிசம். பதினைந்து. தகடு கறுப்பாகவே இருந்தது.
ஆறெட்டுத் தாளத்தில் ஒன்றை வெட்டி வெட்டி வாசித்தார்,
முபீஸின் செருப்பு தானாய் ஆடியது.
"அடியில ஒரு முனகல் கேக்குதே மிஸ்?"
அது கறன்ற்றின்ர குரல், எனக்குக் கட்டுப்படாது.
என்று சொல்லிக்கொண்டிருக்கையில் கண்டேன்
என் இடது கை
எப்போதோ பொக்கற்றை விட்டு வந்து
பெட்டியின் பலகைமேல் விரிந்து கிடந்தது,
அதிர அதிர.