நாலை ஏழாக்குதல்

தார்த்துவில் பிப்ரவரி. மைனஸ் பதினெட்டு.
ஆறு விறைத்துக் கிடந்தது.
ஐந்து பேர், ஒரு மேசை,
மீன் வைத்த கறுப்பு ரொட்டி, ஆறிப்போன காப்பி.
முடிவுசெய்ய ஒரே ஒரு வரி:
பயனர் எதுவும் சொல்லாதபோது
எந்த எடிட்டர் திறக்க வேண்டும்?

பதினோரு வருடமாய் அந்த வரியில்
விஐ இருந்தது.
யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததல்ல.
குடிவந்தபோதே சுவரில் இருந்த ஆணி,
நாங்கள் சட்டை மாட்டப் பழகிவிட்டோம்.

கூட்டத்துக்குக் காரணம் மைமு.
பெய்ப்சி ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி.
பனி உருகுமென்று அறிக்கை வந்த இரவில்
கோப்பில் ஒரு நாலை ஏழாக்கப் போனாள்.
அவ்வளவுதான் வேலை.
ஏழைத் தட்டினாள். திரையில் ஏழு இல்லை.
மறுபடி பார்த்தாள். இல்லை.
ஆத்திரத்தில், அவள் மொழியில் உதவி என்பதற்கு
என்ன சொல்வார்களோ அதையே தட்டினாள்:
அப்பி.
'அ'வைக் கருவி கட்டளையென விழுங்கிவிட்டது.
'ப்பி' மட்டும் நின்றது, தலையில்லாமல்.
யாரோ எப்போதோ சொன்ன நினைவில்
எஸ்கேப்பை அழுத்தினாள்.
ப்பிப்பிப்பிப்பிப்பிப்பிப்பி.
எண்ணிப் பாருங்கள், ஏழு.
கேட்டது கிடைத்துவிட்டது.

பிறகு பிளக்கைப் பிடுங்கினாள்.
நாற்பது நிமிடம் பம்பு ஓடவில்லை.
இரண்டு வீட்டு நிலவறையில் முழங்கால் தண்ணீர்.

"எந்த இயந்திரத்தில் போய் மாட்டினாலும்
விஐ இருக்கும். கற்றுக்கொள்ளட்டும்" என்றான் ஹில்லார்.
"எப்போது?" என்றாள் கெர்ஸ்டி.
"விடியற்காலை மூன்று மணிக்கா?"
வெல்யோ ஈமாக்ஸ் என்றார்.
யாரும் பதில் சொல்லவில்லை,
அவரும் எதிர்பார்க்கவில்லை, ரொட்டி எடுத்துக்கொண்டார்.
அவரை ஹில்லார் பக்கம் எண்ணிக்கொண்டோம்.
உர்மாஸ் கெர்ஸ்டியோடு.
இரண்டுக்கு இரண்டு.
மீதி நான்.

என் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வங்கிக்கு எழுதும் கடிதத்தில்கூட
வரி மாற ஜே-யைத் தட்டுபவை அவை.
ஒரு குளிர்காலம் முழுக்க
அந்த எழுத்துகளிடம் ஏவல் கற்றேன்.
திறமை, வேகம், மரபு என்று
என்னிடம் வாதங்கள் இருந்தன. கிளறிப் பார்த்தால்
அடியில் ஒன்றுதான்:
நான் கட்டிய சுங்கத்தை
மைமுவும் கட்டட்டும்.
கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.
இறங்கிவர வேண்டியவன் நானோ?
நானோவுக்கே கை தூக்கினேன்.

புதிய பதிப்பை மைமுவுக்கு அனுப்பினோம், பெருமையாக.
வாசலை அடியிலேயே எழுதி வைத்திருக்கும் கருவி,
இனி என்ன தொல்லை?
நான்கு நாளில் பதில்:
"வெளியேற, கூரை மாதிரி ஒரு குறி, பக்கத்தில் எக்ஸ்
என்று போட்டிருக்கிறது.
கூரையை விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடித்தேன்.
எக்ஸும் போட்டேன்.
இரண்டும் இப்போது கோப்பில் இருக்கின்றன."

கெர்ஸ்டி சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.
அந்தக் கூரைக்குக் கண்ட்ரோல் என்று பொருள்,
நாங்கள் ஐந்து பேரும் அதன் கீழேயே
இருபது வருடம் குடியிருந்திருக்கிறோம்,
ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அன்றிரவே அதைத் திருத்தியது ஹில்லார்.
கூரையைப் பிரித்துப்போட்டு
கண்ட்ரோல் என்று முழுதாய் எழுதினான்.
கீழ்வரி கொஞ்சம் நீண்டுவிட்டது,
சின்னத் திரைகளில் கடைசிச் சொல் வெட்டுப்படுகிறது,
அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.
திருத்தியது விஐ-யில்தான்.
அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டக் குறிப்பு நான் எழுதியது.
கடைசி வரியில்
முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ.
பார்த்தேன். இருக்கட்டும் என்று விட்டேன்.

ஏப்ரலில் ஏரி உடைந்தது.
பெய்ப்சியிலிருந்து
கடிதம் எதுவும் வரவில்லை.