முப்பத்தெட்டு

உலான்பாட்டரில் மைனஸ் முப்பது.
கடைக்கதவு திறக்கும்போதெல்லாம்
கரிப்புகைதான் முதல் ஆளாய் உள்ளே வரும்.
அதன் பின்னால் தெமூலன்.
கோட்டுக்குள் பதினொரு மாத மகள்;
கோட்டே இருமுவதுபோல் இருந்தது.

"சிரப்."
"இந்த வயசுக்குத் தர மாட்டேன்."
அலமாரியைப் பார்த்தான்,
சிவப்பு, ஊதா, செர்ரிப் படம் போட்டது.
"இத்தனை வைத்துக்கொண்டா?"
பிறகு, "தேன்?"
"ஒரு வயசு முடியட்டும்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
சட்டையைத் தூக்கு.
வயிறு ஏறி இறங்குவதை எண்ணு,
ஒரு முழு நிமிடம்.
உதடு மட்டும் அசைய எண்ணினோம்.
அவனுக்கு முப்பத்தேழு, எனக்கு முப்பத்தெட்டு.

"ஐம்பதைத் தொட்டால்,
விலாவுக்கடியில் குழி விழுந்தால்,
பால் வேண்டாமென்றால்
இங்கே வராதே. நேரே ஆஸ்பத்திரி."

மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு வாங்கிக்கொண்டு
முறைத்தபடியே போனான்.

அவனிடம் சொல்லாதது:
இந்தப் படிப்புக்கெல்லாம் முன்னால்
ஒரு குளிர்காலத்தில்
சூப்புக் கரண்டியால் ஊற்றினேன், என் மகனுக்கு.
இருமல் நின்றது.
உலுக்கினேன், கண் திறக்கவில்லை.
வண்டி கிடைக்காத இரவு.
அவன் மூக்கடியில் வைத்த விரலை
விடியும்வரை எடுக்கவில்லை.

காலையில் இருமினான்.
அதன் பிறகுதான்
அடுப்பில் கரி போட எழுந்தேன்.